ஈரநிலங்களையும் அவற்றை ஒட்டிய ஊர்களையும் சுற்றிப் பார்க்கத் திட்டமிடும் முறை

மலையையோ கோட்டையையோ காணச் செல்பவர் எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தாலும் மலையும் கோட்டையும் அங்கேயே இருக்கும். ஈரநிலத்தைக் காணச் செல்பவருக்கு அந்த உறுதி கிடையாது. ஒரு பருவத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நீராகப் பரந்து ஆயிரக்கணக்கான பறவைகளைத் தாங்கும் இடம், வேறொரு பருவத்தில் வெடித்துக் கிடக்கும் சேற்றுத் தரையாக இருக்கலாம். கடலோரச் சதுப்பாக இருந்தால் நீர் நிறைவதும் வடிவதும் பெரும்பாலும் ஒரே நாளுக்குள் இருமுறை நிகழும். ஆகவே, முதலில் நீரின் போக்கை அறிந்து, அதற்குரிய மணிநேரங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சிய நேரத்தில்தான் அருகிலுள்ள ஊர்களைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஊரில் தங்குமிடத்தை உறுதி செய்து, நிதானமாகக் காலை உணவை முடித்து, பத்து மணிக்கு மேல் சதுப்புக்குப் போகிறார்கள். அந்நேரத்தில் பறவைகளில் பல இரையெடுத்து ஓய்ந்திருக்கும்; நீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். பார்க்க ஒன்றுமில்லை என்ற எண்ணத்தோடு அவர்கள் திரும்பி வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி, ஏனெனில் அதே இடத்தில் நான்கு மணிநேரம் முன்னதாக நின்றிருந்தால் அவர்கள் கண்டிருக்கக்கூடியது மிக அதிகம்.

முதலில் அறிய வேண்டியது: அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில உடன்படிக்கை, ஈரநிலம் என்பதை மிக விரிவாக வரையறுக்கிறது. இயற்கையானதோ மனிதர் ஆக்கியதோ, நிலையாக நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நிற்பதோ, நன்னீரோ உவர்நீரோ, எல்லாம் அதில் அடங்கும். கடற்பகுதியானால் நீர் வற்றிய வேளையில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேற்படாத இடங்கள் வரை அது உள்ளடக்குகிறது. இவ்வளவு விரிவான வரையறை சட்டத்துக்குப் பயன்படும். பயணம் வகுப்பவருக்கு ஒரே கேள்வி போதும்: நான் செல்லும் இடத்தின் நீரைக் கூட்டுவதும் குறைப்பதும் எது? கடலின் ஏற்றவற்றமா, எங்கோ தொலைவில் பெய்த மழையைச் சுமந்து வரும் ஆறா, அவ்விடத்திலேயே பெய்யும் மழையா, அல்லது மதகைத் திறந்து மூடும் மனிதர்களா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்ததும் எந்த மாதம், எந்த நாள், எந்த மணி என்பவை பெரும்பாலும் தாமாகவே தெளிவாகிவிடும்.

ஏற்றவற்றம் உள்ள கடலோரச் சதுப்புகளுக்குத்தான் மிக நுணுக்கமான திட்டம் தேவைப்படுகிறது. பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நீரேற்றத்துக்கும் அடுத்த நீரேற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் கழிகிறது. எனவே இன்று காலை எட்டு மணிக்கு நீர் நிறைந்த இடத்தில் நாளை எட்டு ஐம்பது வாக்கில் நிறையும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ வடியும். அரைநிலா நாட்களில் இந்த வேறுபாடு குறையும். நீர் வடிந்திருக்கும்போது உள்ளான்களும் பிற கரைப்பறவைகளும் பல கிலோமீட்டர் அகலமுள்ள சேற்றுவெளியில் சிதறி இரை தேடுவதால், கரையில் நிற்பவருக்கு அவை புள்ளிகளாக மட்டுமே தெரியும். நீர் ஏறத் தொடங்கியதும் அது அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்து, நீர் முழுமையாக ஏறுவதற்கு இரண்டு மணிநேரம் முன்னதாகவே இடத்தில் அமர்ந்துவிடுவது, அந்தப் பறவைகளைக் காண்பதற்கான மிகச் சிறந்த ஏற்பாடு.

ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டு செய்திகளை மறவாமல் சரிபார்க்க வேண்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளி வைக்கும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமல் நிலையான நேரத்திலேயே அச்சிடப்படுகின்றன. ஒரு மணிநேரப் பிழை அன்றைய திட்டத்தையே குலைத்துவிடும். அடுத்து, அட்டவணையில் உள்ள நேரம் ஒரு குறிப்பிட்ட துறைமுகத்துக்கு உரியது. கழிமுகத்தின் வாயில் நீர் நிறையும் நேரமும், ஆற்றின் உட்பகுதியில் நிறையும் நேரமும் ஒன்றாக இரா. உள்ளே செல்லச் செல்ல அது தாமதமாகும்.

ஆற்று வெள்ளத்தால் நிறையும் ஈரநிலங்களில், உள்ளூர் மழைக்காலத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறாகப் போகலாம். போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா இதற்குத் தெளிவான சான்று. அங்கோலாவின் மேட்டு நிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, சமதளத்தில் மிக மெதுவாக நகர்ந்து வந்து, டெல்டாவில் உச்சத்தை அடைவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில்தான். அதாவது அங்கே மழையே பெய்யாத வறண்ட குளிர்காலத்தில்தான் நீர் மிகுந்திருக்கிறது. மவுன் நகரிலிருந்து படகில் உள்ளே செல்ல விரும்புபவர் அந்த மாதங்களைத் தேர்வது வழக்கம். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் நிலைமை வேறு. அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட காலத்தில் நீர் சுருங்கி எஞ்சிய குட்டைகளில் மீன்கள் செறிவதால், நீர்ப்பறவைகளும் முதலைகளும் அக்குட்டைகளைச் சுற்றியே கூடுகின்றன. மழைக்காலத்தில் அவை பரந்து மறைந்துவிடுவதோடு கொசுவும் தாங்க முடியாத அளவுக்குப் பெருகுகிறது. ஆகவே நீர் நிறைந்த காலமே சிறந்த காலம் என்று பொதுவாக எண்ணிவிடக் கூடாது. படகில் செல்ல நிறைந்த நீர் நல்லது. விலங்குகளையும் பறவைகளையும் காணச் சுருங்கும் நீர் பெரும்பாலும் நல்லது.

மனிதர் மதகு வைத்து ஆளும் ஈரநிலங்களில் நாட்காட்டியைவிட நேரில் விசாரிப்பதே நம்பத்தக்கது. ராஜஸ்தானின் பரத்பூருக்கு அருகிலுள்ள கேவலாதேவ் பூங்கா, 1985 முதல் உலகப் பாரம்பரியக் களங்களுள் ஒன்றாக இருந்தாலும், அது பெரும்பாலும் மனிதர் அணைகட்டித் தேக்கிய நீரால் உருவான இடம். அஜான் பந்த் என்னும் நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வந்து சேராத ஆண்டுகளில் அங்கே கூடு கட்டும் பறவைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். இத்தகைய இடத்துக்குச் செல்லும் முன், புறப்படுவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, நுழைவாயில் அலுவலகத்தையோ உள்ளூர் வழிகாட்டியையோ தொடர்புகொண்டு, எந்தப் பகுதியில் நீர் நிற்கிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டுவிடுவது போதுமானது.

வரைபடத்தைச் சமதளத்துக்கு ஏற்றவாறு வாசித்தல்

மேடும் பள்ளமும் நிறைந்த நாட்டில் வரைபடம் வாசிக்கப் பழகியவர்கள், சமதள ஈரநிலத்துக்கு வந்ததும் தூரத்தைத் தவறாக மதிப்பிடுகிறார்கள். எதிர்க்கரையில் தெரியும் கோபுரம் ஒரு கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கும்; ஆனால் இடையிலுள்ள வாய்க்காலைக் கடக்கும் பாலம் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். எனவே வரைபடத்தை விரித்தவுடன் முதலில் பாலங்களையும் ஓடத்துறைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். நடக்கும் தூரத்தை அவற்றின் வழியாகவே அளக்க வேண்டும். ஓடத்துறை இருந்தால் அது எந்த மாதங்களில், எந்த மணி வரை இயங்குகிறது என்பதையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

சில ஊர்களுக்குச் சாலையே கிடையாது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ருமேனியாவில் டான்யூப் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள சுலினா நகருக்குப் படகில்தான் போக முடியும். இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்புகளுக்கு நடுவேயுள்ள பெர்னி ஆர்ம்ஸ் ரயில் நிலையத்துக்கு ரயிலிலோ படகிலோ நடந்தோ மட்டுமே சென்று சேரலாம். இவை தொல்லைகள் என்று ஒதுக்கத் தேவையில்லை. சாலை இல்லாத காரணத்தாலேயே அவ்விடங்கள் நாள் முழுதும் செலவிடத் தகுந்தவையாக இருக்கின்றன. ஆனால் திரும்பி வரும் படகின் நேரமோ ரயிலின் நேரமோ அன்றைய திட்டத்தின் அசைக்க முடியாத முளையாக அமைந்துவிடும்.

வரைபடத்தில் அடுத்து கவனிக்க வேண்டியது உயரக் கோடுகள். ஐந்து மீட்டர், பத்து மீட்டர் என்ற சிறு உயரங்களே இங்கே ஊர்களின் இருப்பிடத்தைத் தீர்மானித்தன. இங்கிலாந்தின் ஃபென்ஸ் பகுதியில் உள்ள ஈலி நகர் ஒரு காலத்தில் சதுப்புக்கு நடுவே நின்ற தீவு. 1083இல் கட்டத் தொடங்கிய அதன் பேராலயம் இன்றும் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே தெரிவதற்கு, சுற்றியுள்ள நிலம் கிட்டத்தட்டக் கடல்மட்டத்தில் இருப்பதே காரணம். அப்பகுதியில் பயணம் செய்பவர் இன்னொரு வியப்பையும் காண்பார்: ஆறுகள் வயல்களைவிட உயரத்தில், கரைகளுக்கு இடையே ஓடுகின்றன. நீரை வடித்த பின், முழுதும் மட்காத தாவர எச்சங்களால் ஆன கரிமண் காய்ந்து சுருங்கியதால் நிலம் தாழ்ந்துபோனதே இதற்குக் காரணம். ஹோம் ஃபென் என்னுமிடத்தில் 1851 அளவில் தலை மட்டும் தரைமட்டத்தில் தெரியுமாறு புதைக்கப்பட்ட இரும்புத் தூண் ஒன்று, இன்று ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. இத்தகைய ஒரு தூணின் அருகே பத்து நிமிடம் நின்றால், பல பக்க விளக்கத்தைவிடத் தெளிவாக அந்நிலத்தின் வரலாறு புரிந்துவிடும். அதனால் உயரக் கோடுகள் கடல்மட்டத்துக்குக் கீழே செல்லும் இடங்களைக் கண்டால் அவற்றைத் திட்டத்தில் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறேன்.

காற்றையும் வரைபடத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். சமதளத்தில் ஒதுங்க மரமோ குன்றோ இராது. மிதிவண்டியில் செல்பவருக்கு எதிர்க்காற்றுதான் அங்கே மேடு. காலையில் உடலில் வலு இருக்கும்போது காற்றை எதிர்த்துச் சென்று, மாலையில் காற்று முதுகைத் தள்ளத் திரும்பி வருமாறு பாதையை அமைத்தால் அதே தூரம் எளிதாகிவிடும். அதே போல, காலையில் சூரியன் முதுகுப்புறம் இருக்குமாறு நீர்நிலையின் கிழக்குக் கரையில் நின்று மேற்கு நோக்கிப் பார்ப்பதும், மாலையில் மேற்குக் கரைக்கு மாறுவதும் நல்லது. சூரியனுக்கு எதிரே நின்று பார்த்தால் எல்லாப் பறவையும் கருநிழலாகவே தெரியும்.

நாளின் மணிநேரங்கள்

விடியற்காலை சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையே. ஐரோப்பிய நாணற்காடுகளில் வாழும் பிட்டர்ன் என்னும் குருகின் முழக்கத்தை வசந்தகால விடியலில் பல கிலோமீட்டர் தொலைவிலிருந்தே கேட்கலாம். வெயில் ஏறிய பின் அதே நாணற்காடு அமைதியாகிவிடும். ஆனால் விடியலை மட்டுமே நம்பித் திட்டமிடுபவர் வேறு பலவற்றை இழக்கிறார். தும்பிகளும் வண்ணத்துப்பூச்சிகளும் வெயில் நன்கு ஏறிய பிறகே பறக்கத் தொடங்கும் என்பதால், அவற்றைக் காண விரும்புபவர் நண்பகலை ஒட்டிய நேரத்தைத்தான் ஒதுக்க வேண்டும். அந்தி நேரத்துக்கும் தனிச் சிறப்பு உண்டு. இங்கிலாந்தின் சாமர்செட் சமவெளிகளில், குளிர்கால மாலைகளில் ஸ்டார்லிங் பறவைகள் பெருந்திரளாகக் கூடி, ஒரே உடல் போல வானில் வளைந்து நெளிந்து, இருட்டும் முன் நாணற்படுகையில் இறங்கும். ஹாம் வால், ஷாப்விக் ஹீத் ஆகிய காப்பகங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. ஆனால் அவை இறங்கும் இடம் அவ்வப்போது மாறுவதால், அன்றைய இடத்தைக் காப்பகத்தாரிடம் கேட்டறிந்து, சூரியன் மறைவதற்கு ஒரு மணிநேரம் முன்னதாகச் சென்றுவிட வேண்டும்.

நடக்கும் வேகத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சாலையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கூட, ஒவ்வொரு திறப்பிலும் நின்று பார்த்துச் செல்லும்போது மணிக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்ட மாட்டார். ஆறு கிலோமீட்டர் சுற்றுப்பாதைக்கு மூன்று மணிநேரம் ஒதுக்குவதே நியாயமான கணக்கு. குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் முழுச் சுற்றுப்பாதையை விட்டுவிட்டு, பறவைகளுக்குத் தெரியாமல் அமர்ந்து பார்க்கக் கட்டிய மறைகுடில் ஒன்றுக்குச் சென்று அங்கேயே ஒரு மணிநேரம் அமர்வது மேல். நடந்துகொண்டே இருப்பவரைவிட ஓரிடத்தில் அமைதியாக அமர்ந்திருப்பவருக்கே சதுப்பு தன்னை அதிகம் காட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஊருக்கு உரிய நேரம்

இவ்வாறு விடியலும் அந்தியும் நீருக்கு என்று ஆகிவிட்டால், முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையிலான இடைவேளை ஊருக்குக் கிடைக்கிறது. பெரும்பாலான நாட்களுக்கு இதுவே பொருத்தமான பங்கீடு. அருங்காட்சியகங்களும் ஆலயங்களும் கடைவீதிகளும் திறந்திருக்கும் நேரமும் இதுவே. வெயிலோ குளிர்காற்றோ கடுமையான வேளையில் கூரைக்குக் கீழே இருப்பதும் நலம். நண்பகலில் நீர் ஏறும் நாட்களில் மட்டும் இந்தப் பங்கீட்டைத் திருப்பிப் போட வேண்டும்: காலையும் மாலையும் ஊருக்கு, நடுப்பகல் சதுப்புக்கு.

எந்த ஊரைத் தேர்வது? அந்த நீரால் பிழைத்த ஊரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். பெயர்பெற்றது என்பதற்காகவே இரண்டு மணிநேரத் தொலைவிலுள்ள நகருக்குச் செல்வதைவிட, சதுப்பின் ஓரத்திலேயே உள்ள சிறு ஊர் பயணத்துக்கு நிறைவு தரும். தென் பிரான்சில் ரோன் ஆற்றின் டெல்டாவான காமார்க்கை எடுத்துக்கொள்வோம். அதன் வடமுனையில் ஆர்ல் நகர் இருக்கிறது. ஆறு கிளை பிரியும் இடத்துக்கு அருகில் அமைந்ததால் ரோமானியர் காலத்திலேயே அது பெரிய துறைமுகமாக வளர்ந்தது, முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதன் வட்டரங்கு இன்றும் நிற்கிறது. மேற்கு ஓரத்தில் ஏக்மோர்த் இருக்கிறது. ஒன்பதாம் லூயி மன்னர் 1248இல் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய அந்தத் துறைமுகம், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. அதன் மதிலின் மேல் நடந்தால் ஒருபுறம் ஊரின் கூரைகளும் மறுபுறம் உப்பளங்களும் தெரியும். காலையில் உப்பங்கழிகளில் பூநாரைகளைக் கண்டுவிட்டு நண்பகலில் இந்த மதிலில் ஏறுபவருக்கு, வண்டல் படிந்து கரை நகர்ந்த கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஜெர்மனியின் ஸ்ப்ரேவால்ட் பகுதியில் லூபெனாவ் நகரிலிருந்து படகேறி, வாய்க்கால்களுக்கு நடுவேயுள்ள லேடெ என்னும் சிற்றூருக்குச் செல்லலாம். அங்கே 1897 முதல் அஞ்சல் படகில் வழங்கப்பட்டு வருகிறது. அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டின் முகப்பும் நீரைப் பார்த்து இருப்பதைக் காண்பதற்கே அரைநாள் செலவிடலாம். டான்யூப் டெல்டாவுக்குச் செல்பவர்கள் துல்சா நகரைப் படகேறும் இடமாக மட்டுமே பயன்படுத்துவது வழக்கம். ஆனால் அங்குள்ள டெல்டாவைப் பற்றிய அருங்காட்சியகத்தை உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவிட்டால், பின்னர் படகிலிருந்து காணும் மீன்பிடி முறைகளும் நாணல் வீடுகளும் பொருள் உள்ளவையாகத் தோன்றும். இதையே பொது விதியாகக் கொள்ளலாம்: உள்ளூர் அருங்காட்சியகத்தை முதல் நாளின் நண்பகலில் வைத்துவிட வேண்டும், கடைசி நாளுக்குத் தள்ளக் கூடாது. சாமர்செட்டின் கரிமண்ணுக்குள் கண்டெடுக்கப்பட்ட ஸ்வீட் ட்ராக் என்னும் மரப்பலகை நடைபாதை, மர வளையங்களைக் கொண்டு கி.மு. 3807 அல்லது 3806 என்று காலம் கணிக்கப்பட்டது. அதை அறிந்தபின் அதே சதுப்பில் மரப்பலகைப் பாதைமேல் நடக்கும் அனுபவம் வேறு தரமானது.

ஊரில் செய்ய வேண்டியவற்றை அதிகமாக அடுக்க வேண்டாம். உயரமான ஒரு கோபுரம் அல்லது மதில், பழைய பாலம் அல்லது படித்துறை, அருங்காட்சியகம், இவை மூன்றும் ஒரு நண்பகலுக்குப் போதும். ஐரோப்பாவில் பல அருங்காட்சியகங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும். சிற்றூர்களில் மதிய நேரத்தில் எல்லாமே அடைபடும் வழக்கமும் உண்டு. ஒரே நாளில் இரண்டு ஊர்களைச் சேர்ப்பவர் அந்தி வேளையைச் சாலையில்தான் கழிப்பார்.

பாதுகாப்பு

சேற்றுவெளிகள் பார்வைக்கு அமைதியானவை. ஆபத்து அவற்றின் தோற்றத்தில் தெரியாது. நீர் ஆறு மணிநேரமும் ஒரே சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கே ஏறும். மூன்றாம், நான்காம் மணிகளில் மட்டும் சேர்த்துப் பாதியளவு ஏறிவிடும். மெதுவாக ஏறுகிறது என்று எண்ணி நிற்பவரைச் சூழ்ந்துகொள்வது இந்த இடைப்பட்ட வேகம்தான். மேலும் நீர் முன்னால் இருந்து மட்டும் வருவதில்லை. பின்னாலுள்ள ஓடைகள் முதலில் நிறைந்து, திரும்பும் வழியை அடைத்துவிடும். 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம்ப் விரிகுடாவில் சிப்பி சேகரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே இரவில் நீரால் சூழப்பட்டு உயிரிழந்தார்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் ஆகிய நாடுகளின் கரையோரமாக நீளும் வாடன் கடலில் நீர் வடிந்த வேளையில் கடல் தரைமீது நடந்து செல்வது அருமையான அனுபவம். அதை உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஒருபோதும் செய்யக் கூடாது. இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

உள்நாட்டுச் சதுப்புகளில் அச்சம் வேறு வகையானது. பாசி படர்ந்த பச்சைத் தரை உறுதியான நிலம்போலத் தோன்றினாலும் கீழே நீர் இருக்கலாம், எனவே பாதையை விட்டு இறங்கக் கூடாது. முதலைகள் வாழும் பகுதிகளில் நீர்விளிம்பில் குனிவதும், நாள்தோறும் ஒரே இடத்தில் நீர் அள்ளுவதும் ஆபத்தானவை. உயர்ந்த புல்வெளிகளில் நடந்தால் மாலையில் உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவை லைம் நோயைப் பரப்புகின்றன. கோடையில் நீர்மேல் நீலப்பச்சைப் பாசி திரண்டிருந்தால் அந்நீரில் கைகால் நனைப்பதையும் வளர்ப்பு நாயை இறக்குவதையும் தவிர்க்க வேண்டும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லையும் உடைய இருகண் தொலைநோக்கி ஈரநிலத்துக்கு மிக ஏற்றது. பத்து மடங்குக் கருவி இன்னும் பெரிதாகக் காட்டினாலும் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெருக்குவதால், காற்றில் நிற்பவருக்கு எட்டு மடங்கே தெளிவாக இருக்கும். நீளக்கை உடை, கொசு விரட்டும் களிம்பு, நீர் புகாத காலணி, ஒரு மாற்றுக் காலுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை, குடிநீர் ஆகியவை போதும். கைபேசித் தொடர்பு கிடைக்காத இடங்கள் பல என்பதால் வரைபடத்தைத் தாளிலோ முன்கூட்டியே பதிவிறக்கியோ வைத்திருக்க வேண்டும்.

படகில் செல்ல வாய்ப்பிருந்தால் எஞ்சின் இல்லாத படகையே தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சின் படகின் அலை கூடுகளை நனைக்கிறது, அதன் ஓசை பறவைகளை முன்கூட்டியே விரட்டுகிறது. கரையிலும் இதே அக்கறை வேண்டும். மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் இரையெடுப்பதை நிறுத்தித் தலை உயர்த்தினால், நாம் போதுமான அளவுக்கு நெருங்கிவிட்டோம் என்று பொருள். அதற்குமேல் ஓரடியும் வைக்கக் கூடாது. நீண்ட வலசையின் நடுவே உடலில் கொழுப்பைச் சேர்க்க இறங்கியுள்ள பறவையை ஒரு முறை எழுப்பினாலும், அது சேர்த்த ஆற்றலில் ஒரு பகுதி வீணாகிறது. ஒரே நாளில் பலர் எழுப்பினால் அந்த இழப்பை ஈடுகட்ட அதற்கு நேரமிராது. கூடு கட்டும் பருவத்தில் சில பாதைகள் மூடப்பட்டிருந்தால் அதைக் குறையாக எண்ணாமல், அதற்கு மாற்றான பாதையை முன்பே தேர்ந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்று நாட்களை ஒழுங்குபடுத்துதல்

மூன்று நாட்கள் கிடைத்தால், சதுப்பின் ஓரத்திலேயே தங்குவது இந்தத் திட்டத்தின் முதல் தேவை; அரை மணிநேரத்துக்கு மேற்பட்ட தொலைவில் தங்குபவர் இரண்டாம் நாளிலேயே விடியலைக் கைவிட்டுவிடுவார். முதல் நாள் பிற்பகலில் வந்து சேர்ந்தால், அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தியில் மிக அருகிலுள்ள மறைகுடிலுக்கு நடந்து செல்லலாம். பாதையை அறிந்துகொள்ளவும் மறுநாள் இருட்டில் தடுமாறாமல் இருக்கவும் அது உதவும். இரண்டாம் நாளை முழுமையான நாளாக வைத்து, விடியலில் நீண்ட நடை, நண்பகலில் ஊர், பிற்பகலில் ஓய்வு, அந்தியில் மீண்டும் நீர் என்று அமைக்க வேண்டும். ஓய்வைத் திட்டத்தில் எழுதி வைக்காதவர்கள் அந்திக்குள் களைத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் நாளின் காலையை வேண்டுமென்றே வெறுமையாக விட வேண்டும். முதல் இரண்டு நாட்களில் மழையோ பலத்த காற்றோ எதையேனும் கெடுத்திருந்தால் அதை ஈடுசெய்ய அந்தக் காலை பயன்படும். எதுவும் கெடவில்லையென்றால், மிகவும் பிடித்த அதே இடத்துக்கு அதே நேரத்தில் மறுபடியும் சென்று அமரலாம். கடலோரச் சதுப்பாக இருந்தால், நீர் அன்று ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாகவே ஏறும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, புறப்படும் பேருந்தையோ படகையோ அதற்கேற்ப முதல் நாளிலேயே தேர்ந்து வைக்க வேண்டும்.